சத்து மாத்திரை என்று சொல்லி வைத்தேன்

முதலில் என் கண்ணில் பட்டது நின்றுபோயிருந்த மின்விசிறிதான்.

ஷிஃப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தால், என் மனைவி சங்கீதா சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். நெற்றி, கழுத்து, நைட்டி எல்லாம் வியர்வையில் ஊறியிருக்கும். குன்றத்தூரில் நாங்கள் குடியிருந்தது மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறை. வெயில் இறங்கிய பிறகும் கூரை சூட்டை விடாது. அந்த அறையில் மின்விசிறி இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது வேண்டுமென்றே செய்வதாகத்தான் இருக்கும்.

"கரண்டு இல்லையா ஏட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கரண்ட்டு கீது மாமா. நான்தான் நிறுத்தி வெச்சேன். அந்த சத்தத்துல வயித்து மேல கவனம் நிக்க மாட்டேங்குது. உள்ள அசையுதா இல்லியான்னே தெரியல."

"வயித்துக்குள்ள என்ன ரேடியோவா ஓடுது, காத வச்சுக் கேக்க?"

அவளும் சிரித்தாள். நான் தெற்கே விளாத்திகுளம் பக்கத்துக்காரன். என் 'ஏட்டி'யைக் கேட்டால் கல்யாணமான புதிதில் அவளுக்கு அடக்க முடியாத சிரிப்பு வரும். "உங்க ஊர்ல ஏட்டின்னா கூப்பிடறதா, திட்டறதா? முதல்ல அத சொல்லு" என்பாள். அந்தப் பழைய சிரிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். மின்விசிறியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது மறுபடி நின்றிருந்தது.

அதுதான் முதல் அறிகுறி. அறிகுறி என்று எனக்குத் தெரிய மேலும் பல வாரங்கள் ஆயின. கர்ப்பமாக இருக்கும் மனைவியை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சங்கீதாவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். "உன் பங்க முழுசா எழுது. என் பங்க அளவா எழுது. பேர மாத்திப் போடு" என்றாள். சங்கீதா என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

இது எங்களுடைய இரண்டாவது குழந்தை. முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறி, தாயையும் சேயையும் பாதிக்கும் நிலை) என்றார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் வளைகாப்பு நடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பையை என்ன செய்தோம் என்று நாங்கள் இருவரும் இதுவரை பேசிக்கொண்டதில்லை.

அதனால் இரண்டாவது முறை எல்லோரும் அடக்கி வாசித்தோம். வளைகாப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒரு சின்னச் சட்டைகூட வாங்கவில்லை. எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் கண்பட்டுவிடும் என்ற பயம். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. "இதுவும் தங்காதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன் மாமா" என்று பின்னால் சொன்னாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அட்டையைப் பார்த்ததுமே, "ஹை ரிஸ்க் மதர்" (சிக்கல் வர அதிக வாய்ப்புள்ள கர்ப்பிணி) என்று குரல் கொடுத்துத் தனி வரிசையில் உட்கார வைத்தார். மாதம் தவறாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வேலைக்குப் போகவே கூடாது என்றார். சங்கீதா அதுவரை செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் தோழிகளோடு ஓயாமல் பேசிக்கொண்டு வேலை பார்த்தவள். ஒரே நாளில் நாலு சுவருக்குள் வந்துவிட்டாள்.

எனக்கு ஒரகடத்தில் வேலை, காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில். லைனின் கடைசியில் நின்று பாகங்களைச் சோதிப்பேன். அளவுக்குள் இருந்தால் ஓகே. அளவு தாண்டினால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அவசரம் என்றால் வீட்டிலிருந்து கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு போன் அடிக்கலாம். அவர் லைனுக்கு ஆள் அனுப்புவார்.

ஐந்தாம் மாதம் முடிவதற்குள் சங்கீதா பல தடவை அப்படி அடித்துவிட்டாள். குழந்தை அசையவில்லை என்பாள். நான் பதறி ஓடுவேன். நான் போவதற்குள் அசைந்திருக்கும். ஒருநாள் சூப்பர்வைசர் லைனில் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொல்லி, "இன்னா மாரி, ஊர்ல உன் பொண்டாட்டி மட்டும்தான் மாசமா கீதா?" என்றார். சிரிப்பு லைன் முழுக்கப் போய் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அவளை எதிரில் உட்கார வைத்தேன். நர்ஸ் சொன்ன ஆபத்து அறிகுறிகளை விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்தேன். தலைவலி ஒன்று. கண் மங்குவது இரண்டு. ரத்தமோ தண்ணீரோ போவது மூன்று. சாப்பிட்டு, இடப்பக்கம் படுத்த பிறகும் குழந்தை அசையாமல் இருப்பது நாலு.

"இந்த நாலுல ஒண்ணு இருந்தா உடனே கேட்டுக்கு அடி. நாலும் இல்லன்னா எல்லாம் ஓகேன்னு அர்த்தம். சும்மா சும்மா அடிக்கக் கூடாது. சரியா?"

"சரி மாமா."

நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குப் பெருமை. அதன்பின் கேட்டுக்கு ஒரு போன்கூட வரவில்லை. ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்தேன். சூப்பர்வைசர் தோளில் தட்டினார். வீட்டுக்கு வந்தால் அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பாட்டைத் தட்டில் போட்டுப் பிசைந்துகொண்டே இருந்தாள். ஓய்வு எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் பெரிய ஆஸ்பத்திரியின் மகப்பேறு டாக்டர் எடை போட்டுப் பார்த்தார். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. அட்டையை மூடி வைத்துவிட்டு, "தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்டார். இரண்டு வருடமாக எத்தனையோ பேர் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். தூக்கத்தைப் பற்றி நான் உட்பட யாரும் கேட்டதில்லை.

சங்கீதா அழ ஆரம்பித்தாள். விக்கல் எடுக்கும் அளவுக்கு அழுதாள். காலையில் நான் கிளம்பியதுமே நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்றாள். மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், இப்போதே செத்துவிடுவோம் என்று தோன்றும். அது அடங்கியதும் எதுவுமே வேண்டாம் என்றிருக்கும். வயிற்றைத் தொடவே பயம் என்றாள்.

"இத்தனை நாள் வீட்டுக்காரர்கிட்ட ஏன்மா சொல்லல?"

அவள் கையைத் தூக்கி நான் காட்டிக் கொடுத்த மாதிரியே நாலு விரலையும் மடக்கினாள். பிறகு, "இந்த நாலுல அது இல்ல டாக்டர்" என்றாள்.

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் விளக்க வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். என் அப்பா கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறவர். படித்த காலத்தில் மேடையேறிப் பேசும்போதுகூட நாக்கு குழறாத நான், அந்த நாலு விரலை விளக்குவதற்குள் தடுமாறிப் போனேன். டாக்டர் திட்டவில்லை. சீட்டில் எழுதி, "மனநலப் பிரிவுல இன்னிக்கே காட்டிட்டுப் போங்க" என்றார்.

மனநலப் பிரிவு அந்தத் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. எதிரே தோல் நோய்ப் பிரிவு. வெளியே இரண்டு பக்கமும் பெஞ்சுகள். நான் கம்பெனிச் சட்டை போட்டிருந்தேன், நெஞ்சில் கம்பெனி பெயர். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். சங்கீதாவை மனநலப் பிரிவுப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நான் எதிர்ப் பெஞ்சில், தோல் நோய்க்காரர்களோடு போய் உட்கார்ந்தேன். அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கள் பகுதிக் கம்பெனிகளிலிருந்து எத்தனையோ பேர் வருவார்கள்; யார் கண்ணிலாவது பட்டுவிடுவேனோ என்று பயம்.

ஆறு மாத வயிற்றோடு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏன் அங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. இதை எழுதும் இப்போதும் கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

மனநல மருத்துவர் ஓர் இளம்பெண். அவசரமே இல்லாமல் பேசினார். நேராக, "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா சங்கீதா?" என்று கேட்டார். நான் திடுக்கிட்டு, "மேடம், அப்படியெல்லாம் அவ..." என்று குறுக்கே விழுந்தேன். சங்கீதா, "சில நேரம்" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடும்னு நினைக்காதீங்க. கேக்காம விடறதுதான் ஆபத்து. வீட்டிலயும் நீங்க கேக்கணும்."

இரண்டு பெயர்கள் சொன்னார். மனச்சோர்வு (வாரக்கணக்கில் எதிலும் பற்றில்லாமல், பசியும் உறக்கமும் கெட்டு, தன்னையே வெறுக்க வைக்கும் நோய்). பதற்ற நோய் (ஆபத்து இல்லாத நேரத்திலும் உடம்பு ஆபத்தில் சிக்கியதுபோலவே துடித்துக்கொண்டிருப்பது). ஒருமுறை குழந்தையை இழந்தவர்களுக்கும், சிக்கலான கர்ப்பம் என்று வீட்டிலேயே வைக்கப்பட்டவர்களுக்கும் இவை வரும் வாய்ப்பு கூடுதல் என்றார்.

நான் குரலைத் தாழ்த்தி, "அப்போ இது... பைத்தியமா மேடம்?" என்று கேட்டேன். அவள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டேன்.

"அவங்களுக்கு பி.பி. இருக்குன்னு ரெண்டு மாத்திரை சாப்பிடறாங்க இல்ல? அதுக்கு ஏதாவது பட்டப்பேர் வெச்சீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மருந்துச் சீட்டை எழுத ஆரம்பித்தார். கர்ப்பத்தில் மருந்தை யோசித்துத்தான் கொடுக்கிறோம், கொடுக்காமல் விட்டால் இவருக்கும் குழந்தைக்கும் வரக்கூடிய கெடுதல் அதைவிடப் பெரிது என்று விளக்கினார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதலில் குமட்டும், தலை கிறுகிறுக்கும். "நீங்களா நிறுத்தவே கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை காத்திருந்தார். சங்கீதாவின் அம்மா. வல்லம் வடகால் கிராமத்தில் அவர்கள் நெல் விதைத்த நிலத்தில் இப்போது ஒரு கம்பெனி நிற்கிறது. பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் அத்தை காய் நறுக்குகிறார். வேலை முடிந்ததும் பஸ் பிடித்து மகளைப் பார்க்க வந்துவிடுவார்.

"இன்னா மாப்ள, புதுசா ஒரு மாத்திர குடுத்துக்கிறாங்க? இன்னாத்துக்குங்க?"

என் வாயில் உடனே வந்தது: "சத்து மாத்திரை அத்தை. எடை கொறஞ்சிருக்குன்னு குடுத்தாங்க."

சங்கீதா என்னைப் பார்த்தாள். மறுக்கவில்லை. அவளுக்கும் அந்தப் பொய் அன்று வசதியாகத்தான் இருந்தது.

இரண்டு குடும்பத்திலும் மாத்திரை அட்டையில் உள்ள இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பி.பி. மாத்திரை எது, இரும்புச்சத்து மாத்திரை எது என்று நான் சொன்னால் அதுதான் முடிவு. "படிச்ச மாப்ள" என்று அத்தை கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஊருக்கு போன் போட்டபோது அம்மாவிடமும் சத்து மாத்திரை என்றே சொன்னேன். அம்மா, "நல்லாக் குடுய்யா, புள்ள தெம்பா இருக்கணும்லா" என்றாள்.

கம்பெனியில் ஸ்கேன் என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரன் பிரகாஷ், ஸ்ரீபெரும்புதூர் பையன், விடவில்லை.

"இன்னா மச்சான், வாரா வாரம் ஸ்கேனா? உள்ள படம் எடுக்கறாங்களா, சினிமா எடுக்கறாங்களா?"

"ரிஸ்க் கேஸுடா."

"ஹீரோயினியா ஹீரோவா, அதையாவது சொல்லு. ரிலீஸ் அன்னிக்கு கட்அவுட் வெச்சிடலாம்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம் டாக்டர் சொன்னபடியே குமட்டல். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் சங்கீதா தானாகவே பசிக்கிறது என்றாள். ரசம் வைத்துச் சாப்பிட்டோம். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே முத்திரை குத்திக்கொண்டு மறுபடி ஓ.டி. பார்க்கப் போனேன். மாத்திரை கொடுக்கும் பொறுப்பு அத்தையிடம் போனது.

அடுத்த சில நாட்கள் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். நான் வரும்போது அவள் படுத்திருப்பாள். குமட்டல் மறுபடி வந்ததாம். அத்தை மகளின் முதுகைத் தடவிவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "சத்து மாத்திரதானே. வவுத்துல நிக்காத சத்து இன்னாத்துக்கு? அத விட்டுடு. நான் முருங்கைக்கீர செஞ்சி தரேன்." சங்கீதாவும் விட்டுவிட்டாள். அந்த மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் தாழ்வாரத்துப் பெஞ்சுதான் நினைவுக்கு வந்ததாம். அம்மாவே வேண்டாம் என்றதும் நிம்மதியாக இருந்ததாம்.

என்னிடம் இருவரும் சொல்லவில்லை. சத்து மாத்திரையை நிறுத்தியதற்கு யார்தான் வேலைக்குப் போனவனைக் கூப்பிட்டுச் சொல்வார்கள்?

அந்த வாரக் கடைசி, விடுமுறை நாள். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அறை பளிச்சென்று துடைத்திருந்தது. என் சட்டைகளை மடித்து அடுக்கியிருந்தாள். முகத்தில் வழக்கமான பயம் இல்லை. அந்த அமைதியைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். இந்த அமைதியைப் பற்றி உங்களை எச்சரிக்க வேண்டும். நெடுநாள் தவித்தவர் திடீரென்று அமைதியாகி, பொருட்களை ஒழுங்குபடுத்தி, மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்படைக்க ஆரம்பித்தால் அது நல்ல சேதி அல்ல.

"அம்மாவுக்கு கால் வலி அதிகமா கீது மாமா. நீ அப்பப்ப பாத்துக்கோ" என்றாள்.

"நீ பாக்க மாட்டியா?"

"நான் இல்லாட்டி எல்லாருக்கும் லேசாயிடும். இப்போ பயம்லாம் இல்ல. தெளிவா கீது."

'லூசு மாதிரிப் பேசாத' என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த டாக்டரின் முகம் குறுக்கே வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"சாகணும்னு தோணுதா?"

"ஆமா."

"மாத்திரை சாப்பிடுதியா?"

"நிறுத்திட்டேன். சத்து மாத்திரைதானேன்னு அம்மா..."

அவள் கையை விடாமலே ஆட்டோ பிடித்தேன்.

அவசரப் பிரிவில் கூட்டம். பணியில் இருந்த டாக்டர் தலை நிமிராமல், "என்ன பிரச்சனை?" என்றார். பக்கத்தில் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, கை கட்டுப்போட்ட இரண்டு தொழிலாளிகள், ஒரு செக்யூரிட்டி. என் நாக்கு பழக்கத்தில், "பி.பி. மேடம், ஹை ரிஸ்க்" என்றுதான் ஆரம்பித்தது. பிறகு சொன்னேன்: "சாகணும்னு சொல்லுதா மேடம். மனநலப் பிரிவுல பாக்குறோம். மாத்திரை நின்னுபோச்சு. என் தப்புல நின்னுபோச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இவ்வளவு காலம் நான் பயந்துகிடந்தது அந்தப் பார்வைக்குத்தான்.

வழக்கப்படி ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், கருவியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார். பிறகு சத்தம் போட்டு டாக்டரைக் கூப்பிட்டார். அழுத்தம் மிக அதிகமாக ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம். அவளுக்குத் தலைவலி இல்லை. கண் மங்கவில்லை. ரத்தப்போக்கு இல்லை. குழந்தை அசைந்துகொண்டுதான் இருந்தது. நான் கற்றுக்கொடுத்த கணக்குப்படி எல்லாம் ஓகே. மனசுக்காக என்று கூட்டி வந்திராவிட்டால் உடம்பில் நடந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

உடனே சேர்த்தார்கள். குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்கு ஊசி போட்டார்கள். மனநல டாக்டர் வார்டுக்கே வந்து மாத்திரையை மறுபடி தொடங்கினார். அவளை ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது என்று எழுதி வைத்தார்.

அத்தை கேன்டீன் சேலையோடு ஓடி வந்தார். வார்டு வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அது என்ன மாத்திரை, எதற்காக, நான் ஏன் மாற்றிச் சொன்னேன்.

அன்றுவரை அத்தை என்னிடம் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

"நான் இன்னா படிச்சவளா? நீ சத்து மாத்திரன்னு சொன்ன, நான் நம்புனேன். நம்பித்தான விட்டுடுன்னு சொன்னேன்? என் கையாலயே என் பொண்ண கொல்ல வெச்சிருப்பியே நீ. எனக்கு தெரிஞ்சா இன்னா, நான் தெருத்தெருவா தமுக்கடிச்சிடுவேனா?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அந்த மாத்திர எது, காட்டு" என்று நர்ஸிடம் கேட்டு, அதன் நிறத்தையும் வடிவத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து ரத்த அழுத்தம் கட்டுக்குள் நிற்காததால் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. மாதம் நிறையாத பிள்ளை. என் உள்ளங்கையும் மணிக்கட்டும் சேர்ந்த நீளம்தான் அவள் உடம்பு என்று தோன்றியது. பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிறகு கங்காரு பராமரிப்பு (குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிச் சூடு கொடுப்பது) தொடங்கினார்கள்.

குழந்தை பிறந்ததும் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சங்கீதா குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "யார் வூட்டுப் புள்ளையோ வெச்சினு இருக்கற மாதிரி கீது மாமா. இத வெளிய சொன்னா துப்புவாங்க" என்றாள். டாக்டரிடம் அதையும் சொன்னோம். அதுவும் நோயின் ஒரு பகுதிதான், பாசம் மெதுவாக வந்து சேரும், பால் கொடுத்துக்கொண்டே மாத்திரையைத் தொடரலாம் என்றார். பிரசவத்துக்குப் பிறகான மாதங்களில்தான் கூடுதல் கவனம் தேவை என்றும் சொன்னார். அப்படியே ஆனது. நல்ல நாளும் கெட்ட நாளும் கலந்து வந்தன. ஒரு கெட்ட நாள் வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் இடிந்துபோவேன். அவள்தான், "இன்னிக்கு மட்டும் மாமா" என்று எனக்குத் தேறுதல் சொல்வாள்.

பிரகாஷிடம் ஒருநாள் பஸ்ஸில் உண்மையைச் சொன்னேன். அவன் ஜோக் அடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரகடம் வந்து இறங்கும்போது, "அந்த ஓ.பி. எந்த நாள்ல மச்சான்?" என்று மனநல வெளிநோயாளிப் பிரிவைப் பற்றிக் கேட்டான். யாருக்கு என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் அதே தாழ்வாரத்தில், மனநலப் பிரிவுப் பெஞ்சிலேயே, அவனோடு உட்கார்ந்திருந்தேன். உடம்பு கூனியது. எழுந்து எதிர்ப்பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

அத்தை இன்னும் என்னோடு நேராகப் பேசுவதில்லை. எதையும் குழந்தை வழியாகத்தான் கேட்பார். "உங்கொப்பன் சாப்ட்டானா கேளுடி பாப்பா" என்பார். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நான் பாப்பாவைப் பார்த்தே பதில் சொல்வேன். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

சங்கீதா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எப்போது முடியும் என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். என் வேலையில் ஒவ்வொரு பாகமும் இத்தனை நொடியில் முடிந்தாக வேண்டும். நோய் அப்படி முடிவதில்லை. நகர்கிறதா என்பதே பல சமயம் தெரிவதில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். சங்கீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் என் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில், அறுவைத் தழும்பின் மேல் வைத்தாள். கர்ப்பமாக இருந்த காலம் முழுவதும் தன் வயிற்றைத் தானே தொடப் பயந்தவள்.

"இங்க அழுத்தினா எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் கை கீதா இல்லியான்னே தெரியாது."

அறுவையில் நரம்பு வெட்டுப்பட்டிருக்கும், மெல்ல வளரும், மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"போன மாசம் இது வரைக்கும் மரத்துனு இருந்துச்சு" என்று தொப்புளுக்குச் சற்றுக் கீழே தொட்டுக் காட்டினாள். பிறகு விரலைக் கீழே இறக்கினாள். "இப்போ இது வரைக்கும்தான். நீயே பாரு."

நான் ஒரு விரலால் தழும்பிலிருந்து மெதுவாக மேலே வந்தேன்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"எங்கியோ தூரத்துல யாரோ தொடற மாதிரி."

இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். அவள் வயிறு சட்டென்று உள்வாங்கியது. என் கையைத் தட்டிவிட்டாள்.

"கூசுது மாமா. எடு கைய. பாப்பா எழுந்துக்கப் போறா."